ஒரு காரின் மூக்கும் ஒரு வள்ளத்தின் அச்சும்

நான் பாரிசுக்கு வந்து சேர்ந்த அன்று எங்கள் அறையில் எனக்காகக் காத்திருந்தது ஒரு காரின் மூக்கு. மூக்கு என்று நான்தான் சொல்வேன்; என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது, இயந்திரத்தை மூடுகிற பொனற் என்று சொல்ல வேண்டும். லா ஷப்பலில் ஐந்தாம் மாடி, லிப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி, அவர் கதவைத் திறந்துவிட உள்ளே எட்டிப் பார்த்தால், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், சிவப்புச் சாயம் உரிந்துபோய், திருக்கை மீன்போல அகன்ற ஒன்று சுவரோடு சாய்ந்து நிற்கிறது. "இது என்ன?" என்று கேட்டேன். "பைபர்" என்றார். "பைபர் எண்டு தெரியுது, என்ன சாமான் எண்டு கேக்கிறன்." "அமெரிக்கக் காரின்ரை பொனற்" என்று சொன்னபோது அவர் முகம் முழுக்கப் பூரிப்பு. ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்திருந்த மனைவியைக் கண்ட பூரிப்பா, அந்தச் சாமானைக் காட்ட ஓர் ஆள் கிடைத்த பூரிப்பா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அவருக்கு அப்போது ஒபர்வில்லியேயில் ஒரு பட்டறையில் வேலை. உடைந்த குளியல் தொட்டி, கடைப் பலகை, ராட்டினக் குதிரை, ஆற்றுப் படகு என்று பைபரில், கண்ணாடி இழையும் பசையும் சேர்ந்த அந்தச் சாமானில், செய்த எதுவானாலும் அங்கே ஒட்டிக் கொடுப்பார்கள். முதலாளியை எல்லாரும் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. அந்தப் பத்ரோனின் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு காரின் மேல் ஓடு கிடந்தது. முன்னொரு காலத்தில் பிரான்சில் இருந்த அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் யாரோ கொண்டுவந்து கைவிட்டுப் போனதாம். சக்கரம் இல்லை, இயந்திரம் இல்லை, இருக்கை இல்லை. பொனற் மட்டும் தனியாகக் கழன்று மழையில் நனைவதைப் பார்க்கப் பொறுக்காமல், இவர் ஒரு சிநேகிதரைப் பிடித்து, ஒபர்வில்லியேயிலிருந்து லா ஷப்பல் வரைக்கும் தலைச்சுமையாக நடந்தே கொண்டுவந்திருக்கிறார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டு, மேலே இருந்தவர்கள் கீழே வரமுடியாமலும் கீழே இருந்தவர்கள் மேலே போகமுடியாமலும் ஒரு பின்னேரம் முழுக்க நின்றார்களாம். வாசல்காப்பாளர் அம்மா என்னை முதன்முதலாகக் கண்டபோது கேட்டதே, "படகு வாங்கியவரின் மனைவி நீங்கள்தானா?" என்றுதான்.

அந்த மூக்கின்மேல் நான் ஈர உடுப்புக் காயப்போட்டேன். வெங்காயம் உரித்து வைத்தேன். இவர் வந்து முகத்தைச் சுருக்கிக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டில் போட வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். எங்கள் மகளை ஊரில் என் தாயாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த பிள்ளை. அகதி என்று எங்களை ஏற்றுக்கொண்டு கடதாசி கொடுத்தால்தான் அவளைக் கூப்பிடலாம். நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் மட்டி கழுவினேன். வாளி வாளியாக மட்டி. பிரெஞ்சில் அதற்கு 'மூல்' என்று பெயர், நான் படித்த முதல் பிரெஞ்சுச் சொற்களில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு மட்டியாக, ஓட்டில் தாடிபோலத் தொங்கும் நாரைப் பிடுங்கும்போதும் பிள்ளை இப்போது என்ன செய்வாள் என்று நினைத்துக்கொள்வேன். இவர் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போய் அந்தக் கார் ஓட்டுக்குப் பைபர் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காரின் வரலாறு எனக்கு மனப்பாடம். விரும்பிப் படித்த மனப்பாடம் இல்லை, தப்ப முடியாமல் கேட்டுக் கேட்டு வந்தது. பத்ரோனிடம் அமெரிக்காவின் பழைய கார்ச் சஞ்சிகைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் அரைகுறை ஆங்கிலத்தில் வாசித்து, பிரெஞ்சில் சொல்ல, இவர் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டு, மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வந்து எனக்குச் சொல்வார். பெரிய யுத்தம் முடிந்த கையோடு அமெரிக்காவில் ஒரு கடலோரப் பட்டினத்தில் ஒரு மனிதன் பைபரில் சின்னப் படகுகள் செய்துகொண்டிருந்தானாம். யுத்தக்காலத்தில் பெருகிய சாமான் அது. யுத்தம் முடிந்ததும் அதை வைத்து என்ன செய்வதென்று பலருக்கும் தெரியவில்லை. இங்கே சண்டை பிடித்துத் திரும்பிய பொடியன்கள், ஐரோப்பாவில் கண்ட இரண்டு இருக்கைக் குட்டிக் கார்களுக்கு ஆசைப்பட்டுக்கொண்டு போனால், அவர்களுடைய ஊரில் ஓடியதெல்லாம் பெரிய பெரிய வண்டிகள். படகு செய்கிற கையால் கார் செய்தால் என்ன என்று அந்த மனிதனுக்குத் தோன்றியதாம். அந்த இடத்தில் ஒருமுறை நான் கேட்டேன், "அந்தாளின்ரை மனுசி அதுக்கு என்ன சொன்னவவாம்?" இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது புத்தகத்திலை இல்லை" என்றார்.

அந்தக் கொம்பனி விற்றது முழுக் கார் இல்லை, மேல் ஓடு மட்டும்தான். வாங்குகிறவன் தன்னிடம் கிடக்கும் பழைய காரின் உடம்பைக் கழற்றி வீசிவிட்டு, அதன் சட்டத்தின்மேல் இந்த ஓட்டை வைத்துப் பூட்ட வேண்டும். கதவு பொருந்தாது. மழை உள்ளே வரும். ஒரு கண்காட்சிக்கு இயந்திரமே இல்லாத காரைக் கொண்டுபோய், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கையால் தள்ளி நிறுத்தினார்களாம். பெரிய கொம்பனிகள் முதலில் சிரித்தன, பிறகு அவற்றில் ஒன்று தானே பைபரில் கார் செய்ய இறங்கியது. அதோடு இந்தச் சின்னக் கொம்பனி படுத்துவிட்டது. அச்சுகளை வாங்கிய ஒருவன் அவற்றை ஒரு கொட்டகைக்குப் பின்னால் வெயிலில் போட்டான். பிறகு யாரோ இடம் வேண்டுமென்று அடித்து நொறுக்கிக் குப்பைக்கு ஏற்றினார்கள். இந்த இடம் வந்தால் இவருடைய குரல் இறங்கிவிடும். இன்னொன்றையும் மறக்காமல் சொல்வார். அந்தக் கார்களைப் பதியும்போது அடியில் கிடந்த பழைய காரின் பெயரில்தான் பதிந்தார்களாம். செய்தவனின் பெயர் ஒரு கடதாசியிலும் இல்லையாம். "யோசிச்சுப் பாரும்" என்பார். எனக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

அச்சு என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஊரில் இவர் கடற்கரையில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு, மீன்பிடிக்கிற ஆட்களுக்குப் பைபர் வள்ளம் செய்துகொண்டிருந்தவர். முதலில் மரத்தில் ஒரு வள்ளத்தைச் செய்து, முகம் தெரியும்வரை தேய்த்து, அதன்மேல் பைபர் வைத்துக் கழற்றினால் கிடைப்பது அச்சு. அந்த அச்சுக்குள் திரும்பத் திரும்பப் பைபர் வைத்துக் கழற்றிக்கொண்டே போனால் வள்ளம் பிறகு வள்ளம். அப்படிச் செய்வதை எங்கள் கொட்டிலில் 'வள்ளம் அடிக்கிறது' என்று சொல்வார்கள். ஒருநாள் சீருடை போட்டவர்கள் வந்து கரையில் இருந்த கொட்டில்களை எரித்தார்கள். அச்சும் அதற்குள் எரிந்தது. அன்றைக்குப் பிறகு அந்த அச்சைப் பற்றியோ நெருப்பைப் பற்றியோ இவர் என்னிடம் நெடுங்காலம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அமெரிக்கன்தான் பேச்செல்லாம்.

அகதி விசாரணைக்கு எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு மதாம். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு புதுச்சேரிக்காரர், கழுத்துப்பட்டியோடு, மிகவும் மரியாதையான மனிதர். "உங்களுக்கு அங்க என்ன நேர்ந்தது, பயப்படாம சொல்லுங்க முசியே" என்றார். இவர் தொண்டையைச் செருமிவிட்டு, "என்ரை அச்சை எரிச்சுப்போட்டாங்கள்" என்றார். அவ்வளவுதான். புதுச்சேரிக்காரர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். மதாம் நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார்.

"மாசத்துக்கு எவ்வளவு அடிப்பீங்க?"

"ரெண்டு, சிலவேளை மூண்டு."

"அடிச்சதை யாருக்குக் குடுப்பீங்க?"

"கரையிலை இருக்கிற சனத்துக்குத்தான்."

"நீங்க ஒருத்தரே செஞ்சீங்களா?"

"ரெண்டு பேர் உதவிக்கு. மற்றதெல்லாம் நான்தான்."

மதாம் வேகமாக எழுதிக்கொண்டே போனார். இடையிடையே இவரைப் பரிவோடு பார்த்தார். எனக்கு ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது: 'அம்ப்ரிமெரி'. அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்துக்குக் கீழே கலியாணக் கார்ட் அடிக்கிற கடையின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வள்ளத்தின் அச்சை அந்த நல்ல மனிதர் அச்சுக்கூடம் ஆக்கிவிட்டார். என் வீட்டுக்காரர் மாதம் இரண்டு பத்திரிகை அடித்துக் கரையோரச் சனங்களுக்கு இரகசியமாக விநியோகித்து, அதற்காக அச்சகத்தை எரியக் கொடுத்த பெரிய வீரர் ஆகிவிட்டார். மதாமின் முகத்தைப் பார்த்தால் கடதாசியில் முத்திரை விழுந்த மாதிரியே இருந்தது.

அந்த நேரம் பக்கத்து அறையில் தொலைபேசி அடிக்க மதாம் எழுந்து போனார். புதுச்சேரிக்காரரும் சிகரெட் பிடிக்க வெளியே போனார். நான் இவரிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். "உங்களைப் பேப்பர் அடிக்கிறவர் எண்டு நினைச்சிருக்கினம். நல்லாத்தான் போகுது. தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கோ."

"பிழை அது" என்றார்.

"பிழையெண்டால் அவையின்ரை பிழை. நீங்கள் ஒரு பொய்யும் சொல்லேல்லை. பிள்ளையை நினையுங்கோ."

இவர் விடவில்லை. "பேப்பர் அடிச்சவங்கள் வேறை. அவங்கள் பட்டது வேறை. அந்தக் கார் ஓடு மாதிரி அதுக்கு மேலை என்னைக் கொண்டுபோய்ப் பூட்டேலாது. பிறகு எந்தக் கடதாசியிலையும் நான் இருக்கமாட்டன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் தலையில் ஒரு குட்டுக் குட்ட வேண்டும்போல இருந்தது. அப்போது நான் சொன்னது சரி என்று இன்றும் சொல்வேன். உலகத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாத ஒரு தவறு தானாக வந்து மடியில் விழுகிறது, அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு மனிதன் துடிக்கிறான் என்றால் அவனை வைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி?

மதாமும் புதுச்சேரிக்காரரும் திரும்பி வந்து உட்காரும் முன்பே இவர் கையை உயர்த்திவிட்டார். "ஒரு பிழை நடந்துபோச்சு, முசியே. நான் பேப்பர் அடிக்கிறவன் இல்லை. வள்ளம் அடிக்கிறவன்."

"வள்ளமா? அச்சுன்னு சொன்னீங்களே!"

"ஓம், வள்ளத்தின்ரை அச்சு."

"அடக் கடவுளே" என்றார் புதுச்சேரிக்காரர். அவர் காது சிவந்துவிட்டது. பாவம், மதாமிடம் நீண்ட நேரம் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் பேசினார். அதில் 'மூல்' 'மூல்' என்று வந்தது. பிரெஞ்சில் அச்சுக்கும் மட்டிக்கும் ஒரே சத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. பேப்பர்க்காரர் போய் மட்டி விற்கிறவர் ஆகிவிட்டார், இனி மட்டியை எரித்ததற்கு யார் அகதிக் கடதாசி கொடுப்பார்கள் என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். மதாம் பேனாவை மூடினார். அப்படியானால் எரிந்த அந்த அச்சில் அப்படி என்ன இருக்கிறது, இன்னொன்று செய்ய முடியாதா என்று கேட்டார். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கக்கூடாத கேள்வி. இவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "அமெரிக்காவிலை ஒரு மனுசன் இருந்தவர்" என்று தொடங்கினார். முழுக் கதையும் சொன்னார். படகு, கார் ஓடு, பொருந்தாத கதவு, தள்ளிக்கொண்டு போன கண்காட்சி, குப்பைக்குப் போன அச்சுகள். தன்னைப் பற்றி ஒன்றும் இல்லை. புதுச்சேரிக்காரர் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துத் துடைத்து மொழிபெயர்த்தார். மதாம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

மறுத்துவிட்டார்கள். சொன்னதில் முரண் இருக்கிறதாம். மறுத்த செய்தி வந்த அன்று நான் சமைக்கவில்லை. "உங்களுக்குப் பிள்ளை வேணுமோ, அச்சு வேணுமோ, ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய் அந்த மூக்கின்மேல் கிடந்த என் ஈர உடுப்பை எடுத்துக் கீழே வைத்தார். எனக்கு அதுதான் பதில் என்று பட்டது. மேன்முறையீடு போட்டோம், விசாரணை வருமென்று காத்திருந்த காலத்தில் மகளுக்குப் பல் விழுந்து முளைத்தது. அதையும் யாரோ வந்து சொல்லித்தான் தெரியும். நாங்கள் பேசிக்கொண்டது உப்பு, புளி, கதவுத் திறப்பு என்ற அளவில்தான். இதற்கிடையில் பத்ரோன் பட்டறையை மூடினார். ஆர்ஜொந்தெயில் இருந்து ஒரு மனிதர் லொறியோடு வந்து கார் ஓட்டை ஏற்றிக்கொண்டு, எங்கள் ஐந்தாம் மாடியிலிருந்து மூக்கையும் இறக்கிக்கொண்டு போனார். பழைய சட்டம் ஒன்றின்மேல் அதைப் பூட்டி ஓட்டப்போகிறாராம். "என்ன பேரிலை பதியப் போறியள்?" என்று இவர் கேட்க, வேறெந்தப் பேரில், அடிச்சட்டத்தின் பேரில்தான் என்றார் அவர். இவர் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வெறும் சுவரைப் பார்க்க எரிச்சல்தான் வந்தது, இனி யாரோடு சண்டை போடுவது என்று.

மேன்முறையீட்டுச் சபையில் நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். எங்கள் வழக்கறிஞர் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தார். இந்த முறை மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொடியன், அச்சு என்றால் அவனுக்கு விளங்கும். நடுவில் இருந்த முதியவர் இவரைப் பார்த்து, எரிந்த நாளில் நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். இவர் எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்து, "அமெரிக்காவிலை ஒரு மனுசன்" என்றார். எனக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார், அடுத்த சொல் வரவில்லை. அந்த மனிதனைத் தவிர வேறு யாரைப் பற்றியும் அவரால் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. இத்தனை காலம் பக்கத்தில் படுத்திருந்தும் விளங்காமல் போனதே என்று நெஞ்சு வலித்தது. யாரும் கேட்காமலே நான் எழும்பினேன்.

நான் சொன்னேன். சோற்றுப் பாத்திரத்தை ஒரு கையிலும் பிள்ளையை இடுப்பிலுமாக மத்தியானம் கொட்டிலுக்குப் போனதைச் சொன்னேன். அன்றைக்குப் பிள்ளை அழுது அடம்பிடித்ததால் பிந்திவிட்டது. கரைக்குப் போகும் ஒழுங்கை முனைக்கு வரும்போதே கரும்புகை. பைபர் எரிந்தால் வானம் தெரியாது. கொளுத்தியவர்கள் அடுத்த கொட்டிலுக்குப் போய்விட்டார்கள். இவர் கடலோரம் வள்ளம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தவர், மணலில் விழுந்தடித்து ஓடிவந்து, நான் புகைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடக் கூப்பிட நெருப்புக்குள் போனார். நாலு பேர் தூக்குகிற அச்சைத் தனியாக வாசல் வரை இழுத்துவிட்டார். அதற்குமேல் அது உருகிக் கையோடு வந்தது. "கையை விரிச்சுக் காட்டுங்கோ" என்று இவரிடம் சொன்னேன். இவர் சின்னப் பிள்ளையைப்போல இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். ரேகை இல்லாத கைகள். கட்டுப் போட்டுக் கிடந்தவரைத் தேடி அந்தச் சீருடைக்காரர்கள் பிறகு வீட்டுக்கும் இரண்டு முறை வந்ததைச் சொன்னேன். பத்திரிகை அடிக்கவில்லை, ஒன்றும் எழுதவில்லை, வள்ளம் செய்தார், அச்சுக்காக உயிரைவிடப் போன மனிதர் இவர், இவரோடு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பொடியன் கடைசி வரியை மொழிபெயர்ப்பதா விடுவதா என்று என்னைப் பார்த்தான்.

கடதாசி கிடைத்தது. மகள் வந்தாள், வந்த புதிதில் என்னை அன்ரி என்று கூப்பிட்டாள், பிறகு சரியாகிவிட்டாள். இப்போது பொபினியில் அவளுக்கு ஒரு வீடும், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவரும் ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகள் சொல்கிற ஒவ்வொரு சொல்லிலும் பிழை பிடித்துக்கொண்டு இருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது அதையில்லை. சபையிலிருந்து திரும்பிய அந்தப் பின்னேரத்தை. பார்பெஸ் பக்கம் மெத்ரோ நிலத்துக்கு மேலே வந்து பாலத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. தீர்ப்பு என்னவாகும் என்று தெரியாத நேரம், பக்கத்தில் இருந்த மனிதர் மெல்ல வாயைத் திறந்தார்.

"நீர் அங்கை சொன்னதிலை ஒரு பிழை இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை. "இனி என்ன பிழை?"

"அச்சை இழுக்கவெண்டு நான் உள்ளுக்கை போகேல்லை."

"அப்ப என்னத்துக்குப் போனனீங்கள்?"

"சோத்து நேரம். நீரும் பிள்ளையும் உள்ளுக்கை வந்து இருக்கிறியள் எண்டு நினைச்சன்." ஜன்னலுக்கு வெளியே தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போய்ப் பார்த்தா ஒருத்தரும் இல்லை. வந்தது வந்தன், இதையாவது இழுப்பமெண்டு பிடிச்சன்."

நாங்கள் இறங்க வேண்டிய லா ஷப்பலில் கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு மூடியது. நான் எழும்பவில்லை.

"இவ்வளவு காலமும் ஏனப்பா இதைச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே" என்றார்.

அடுத்த ஸ்ரேசனில் இறங்கி, பாலத்துக்குக் கீழே வீட்டை நோக்கித் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் நான் அவரை ஏசிக்கொண்டே வந்தேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து சேர்த்துவைத்த எல்லாவற்றுக்கும் ஏசினேன். கடைத்தெருவில் எங்கள் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவர் காற்சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து நீட்டினார். ஏசுவதை நிறுத்தாமலே அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.